மேல் வீட்டு மெஷினும் கீழ் வீட்டு வஞ்சமும்

ஜூன் 6, திங்கள்

விடிந்ததுமே புழுக்கம். மணலிப் பக்கத்து நாற்றம் வேறு. தண்ணி லாரி வரவில்லை. இருந்த இரண்டு குடத்திலேயே சோறு, குடிக்க, எல்லாம்.

மாமா இன்றும் காபிக்கு மாடிக்குத்தான் போனார். நான் டிகாக்‌ஷன் இறக்கி, பால் பொங்கவிட்டு, டம்ளரும் கையுமாக நிற்கிறேன். "தோ வந்துர்றேம்மா" என்று படியேறிவிட்டார். இறங்கி வந்தது வெயில் ஏறிய பிறகு. நான் போட்டதை நானே குடித்தேன், ஆறிப்போய்.

கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து அவருக்குக் காலைக் காபி என் கையால்தான். அத்தை இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி. விளக்கேற்றுவது மூத்த மருமகள். சீர்த்தட்டு எடுப்பது மூத்த மருமகள். சாப்பாடுகூட ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. காபி மட்டும் என்னுடையது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதையும் பிடுங்கிக்கொண்டாள் ச. (என் மூத்தார் பெண்டாட்டி. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை, ச. போதும்.) சித்திரையில் அவள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த மெஷின். மேலே காப்பிக்கொட்டையைப் போட்டால் தானே அரைத்து, தானே இறக்கி, கப்பில் விடுகிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

சாயங்காலம் துணி எடுக்கப் படியேறும்போது காதில் விழுந்தது: "கீய்வூட்டு கஷாயத்த எப்டித்தான் இத்தினி வர்சம் குட்ச்சீங்களோ மாமா!"

அவள் சொன்னதுகூடப் போகட்டும். அவர் சிரித்தார்.

கஷாயமாம். வயிறு எரிகிறது. இருடி. உன்னுடையதைவிடப் பெரிசாக ஒன்று என் சமையலறையில் நிற்கும். மாமா கீழே வந்து உட்காருவார். நீ மாடியில் தனியாக அமுக்கிக் குடி.

ஜூன் 7, செவ்வாய்

ஆபீசில் பல்வலி என்று சொல்லி மதியமே கிளம்பினேன். ராயபுரத்திலிருந்து நடந்தே பழைய வண்ணாரப்பேட்டை, ஜமால் பாய் கடை. எங்கள் கிளியரிங் ஆபீஸ் வழியாகத்தான் அவருக்குச் சரக்கு இறங்கும். வெளிநாட்டு வீட்டுச் சாமான்.

"வா தங்கச்சி. இன்னா, ஆபீசுக்கா?"

"வூட்டுக்கு பாய்."

ஒரு மாதிரி பார்த்தார். கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டு இருக்கிறது.

வெள்ளி கலர்: அடக்கமானது. டிகாக்‌ஷன் தானே வரும். பாலுக்கு மட்டும் பக்கத்தில் ஆவிக்குழாய், நாம் கையில் பிடித்துச் சுடவைக்க வேண்டும். ச. வைத்திருப்பதும் இதே மாதிரிதான்.

கறுப்பு: அம்மாடி. மைக்ரோவேவ் அடுப்பு உயரம். பால் டப்பா கூடவே வருகிறது. பச்சைப் பாலை ஜில்லென்று ஊற்றினால் போதும், அதுவே உறிஞ்சி, சுடவைத்து, நுரையோடு விடும். ஒரே பட்டன். நீல விளக்கு எரிகிறது.

வெள்ளியில் பால் கொதிக்கக் கொதிக்க வரும். கறுப்பில் அவ்வளவு சூடு இல்லை, பாயே ஒப்புக்கொண்டார். பெரியவருக்குப் பச்சைப் பாலில் காபியா என்றும் உறுத்தல். பாக்கெட் பால் ஏற்கெனவே காய்ச்சித்தான் வருதும்மா என்கிறார்.

சிக்கரியை எதில் போடுவது என்று கேட்டேன். கடைப்பையன்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "கொட்ட மட்டும்தான் தங்கச்சி. தூள் கலந்து போட்ட, உள்ள கல்லு மாரி புட்ச்சிக்கும்."

அப்புறம் அவரே கேட்டார். "தண்ணி இன்னா தண்ணி வூட்ல?"

"போர் கீது. குடிக்க லாரித் தண்ணி."

"போர் தண்ணிய ஒரு சொட்டு காட்டாத. ஒங்க திருவொத்தியூர் தண்ணி கடல் தண்ணி. உள்ள கொயாய் நூலு மாரி இருக்கும். உப்பு பட்ஞ்சி அட்ச்சிகினா மெஷின் காலி."

பஸ்சில் வரும்போதும் வெள்ளியா கறுப்பா. எண்ணூர் ஹைரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி, வண்டி நகரவே இல்லை. நிதானமாக யோசிக்க முடிந்தது. முடிவு வரவில்லை.

ஜூன் 8, புதன்

லாரி வந்தது. ஆறு குடம். இடுப்பு விட்டுப்போயிற்று.

அவள் பாத்திரம் ஒன்று என்னிடம் இருந்தது. கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். மாமா நாற்காலியில், ச. எதிரே தரையில் கால் நீட்டி. அவர் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய கதை. கப்பல் பெட்டி அறுந்து விழுந்தது, தான் குதித்துத் தப்பியது. எனக்கு மனப்பாடம். இவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்றுதான் கேட்பதுபோல. நடிப்பு.

"இன்னா வெமலா, ஒரு கப்பு குடி" என்று எழுந்தாள். மெஷினில் தண்ணீர் தீர்ந்திருந்தது. மக்கை எடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற குழாயைத் திறந்து, பிடித்து, ஊற்றினாள்.

போர் தண்ணி!

"லாரித் தண்ணி ஊத்தலயாக்கா?"

"மெஷினுக்கா? லாரிக்காரன் கால்ல வுயுந்து கெஞ்சி ஒரு கொடம் வாங்கறோம். எப்டியும் கொதிக்கத்தான போவுது."

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கஷாயம் ஞாபகம் வந்தது.

அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஜூன் 10, வெள்ளி

கறுப்புதான்! சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டேன். வளையல் மாற்ற வைத்திருந்தது. வளையல் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது.

வெள்ளியை வாங்கினால் அவளைப் பார்த்து வாங்கியது ஆகும். சூடு குறைந்தால் குறையட்டும். அவள் பட்டனை அமுக்கிவிட்டுப் பாலோடு மல்லுக்கட்ட வேண்டும், எனக்கு ஒரே அமுக்கு.

என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வாஷிங் மிஷினா?"

"காபி மெஷின்."

"எதுக்கு?"

"உங்கப்பாவுக்கு."

"அவுருதான் மேல குட்ச்சிக்கிறாரே."

இந்த மனிதருக்கு என்னவென்று சொல்வது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். பிரிக்கவில்லை. இப்போது பிரித்தால் இரண்டு மெஷினில் ஒன்று. மேலே இருப்பது சாகட்டும். மாமா தானாக இறங்கி வரட்டும். அன்றைக்குப் பிரிப்பேன்.

ஜூன் 14, செவ்வாய்

பால் அட்டை புதுப்பிக்க. கேஸ் பதிய. தையல்காரரிடம் ரவிக்கை.

ச. கீழே வந்தாள். முகம் வாடியிருந்தது. "மெஷின் மொனவுது வெமலா. சொட்டு சொட்டா வுடுது. நீ இம்போர்ட் ஆபீஸ்ல கீறியே, ஒனக்கு இன்னானா தெர்யுமா?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் டைப் அடிக்கறவ."

பொய் சொல்லும்போது கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், ஒரே அளவாக வந்தது.

ஜூன் 18, சனி

செத்தது!

காலையில் மாடியில் கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மூத்தார் இறங்கிப் போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். கிரைண்டர், மிக்சி பார்க்கிற பையன். "இதெல்லாம் கைய வெச்சா நம்ப மேல வந்துரும் சார்" என்று போய்விட்டான். ச. படியில் உட்கார்ந்து அழுதாள். தம்பி ஆசையாகத் தூக்கிவந்ததாம்.

நல்லா அழு.

என் வீட்டுக்காரர் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். மேடையில் மிக்சியை நகர்த்தினால்தான் இடம். லாரித் தண்ணி ஊற்றினேன், ஒரு குடத்தில் பாதி. நீல விளக்கு எரிந்தது. அத்தை போட்டோ வரைக்கும் வெளிச்சம்.

ஜூன் 19, ஞாயிறு

வந்தார்! பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, என் சமையலறை வாசலில். "காபி கீதாம்மா?"

பட்டனை அமுக்கினேன். அரைத்தது, இறக்கியது, நுரை விட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீட்டினேன். ஊதினார், உறிஞ்சினார், மூக்கில் நுரை.

"இன்னா மாமா, எப்டி கீது?"

"நல்லா கீதும்மா. மேல்வூட்டு காபி மாரியே கீது."

மாதிரியே! எதைச் சொன்னால் என் வாய் அடைக்குமோ அதைச் சரியாக எடுத்துச் சொல்கிறார் இந்த மனிதர்.

பரவாயில்லை. குடித்தது இங்கே. உட்கார்ந்தது என் நாற்காலி. நான் துணி ஊறவைக்கப் போனேன், லாரி ஹாரன் கேட்டது, திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். கப் மட்டும். காலி. ஜெயித்தாயிற்று.

ஜூன் 20, திங்கள்

வானம் மூட்டம். தூறல் என்று சொல்ல முடியாது. இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறேன், சமையலறையில் மெஷின் அரைக்கிற சத்தம்.

ச. நிற்கிறாள். என் மேடைக்கு முன்னால். தலை வாரி, பூ வைத்து. கண்ணில் அழுத அடையாளமே இல்லை. மாமா நாற்காலியில் தயாராக. பின்னால் மூத்தார், அவள் பிள்ளைகள் இரண்டும், ஆளுக்கொரு கப்போடு.

"நீ கொடத்த எறக்கி வெச்சிட்டு ஆபீஸ் கெளம்பு வெமலா. நான் பாத்துக்கறேன். இத்துல பால்கூட காய வெக்க வேணாமாமே! ஒரே பட்டன்தானே, எனுக்குத் தெரியாதா?"

கப்பை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"ஆங். இப்பத்தாம்மா சரியா கீது. சரோஜா போட்டாதான் அந்த ருசி வர்து."

அதே கொட்டை. அதே பால். அதே பட்டன். நான் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தேன், அவள் அமுக்கியது அதே பட்டன்தான். வின்ச் கதை ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

இனிமேல் மேல் வீட்டுக்கும் காலைக் காபி கீழேதானாம். பால் இரண்டு பாக்கெட் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். முடிவு செய்தது அவள்.