படத்தில் இருப்பது நான்தான், பாவா

என் அருமை பாவாவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று போய்ச் சேர்ந்தவரிடம் கேட்பது அசட்டுத்தனம்தான். ஆனால் அதைக் கேட்காமல் ஆரம்பித்தால் எனக்கு அடுத்த வரி வராது. கேட்டுவிட்டேன். பதில் போட வேண்டாம்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோதண்டம் என் அக்காவின் வீட்டுக்காரர். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணிப் பக்கம் பல வீடுகளில் அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். வயதில் பெரியவரை ‘நீ’ என்று எழுதுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். “இன்னா மச்சான், கெஸ்டு மாரியே பேசிகினு கீற? வா, போன்னு சொல்லு, ஒன்னும் கொறஞ்சிட மாட்டேன்” என்று மாற்றியது நீதான்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. சாதம் தினமும் மிஞ்சுகிறது. ஒருத்தனுக்கு அளவாக அரிசி போட எனக்கு இன்னும் கை வரவில்லை. நீ வைக்கிற ரசத்தை எத்தனை வருஷம் குறை சொல்லியிருப்பேன்! இப்போது நான் வைக்கிற ரசத்தைக் குறை சொல்ல ஆளில்லை. சொன்னால் தகும், அவ்வளவு மோசம்.

ஸ்டேஷன் ஸ்டாண்டில் உன் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் இப்போது வேறொருவன் நிறுத்துகிறான். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் மேல் தப்பு ஒன்றும் கிடையாது, சும்மா கோபம். உன்மேல் பட வேண்டிய கோபமாகக்கூட இருக்கலாம். விசா விஷயம் பாதியில் நிற்கும்போது அப்படிப் போவார்களா யாராவது?

என் பழைய கதை உனக்குத் தெரியாததா? வளைகுடாவில் நான் ஏசி வேலை பார்த்த கம்பெனி படுத்துவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியிடம், முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. விசா முடிந்த பிறகும் வெளியில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துகொண்டு காலம் தள்ளினேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்கா போனாள்.

என்னால் வர முடியவில்லை. நீ ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடியே சுடுகாடு வரைக்கும் நடந்தாய். சிக்னல் போய்ப் போய் வந்தது. அன்றைக்கு அக்கா முகத்தைவிட உன் தோளைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் நானே போய்ச் சரணடைந்தேன். கைரேகை எடுத்து, கொஞ்ச நாள் கேம்ப்பில் வைத்து, பாஸ்போர்ட்டுக்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சென்னை விமான நிலையத்துக்கு வெளியே நீ நின்றிருந்தாய். எப்படி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சாப்ட்டியா?” என்றாய். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், அக்கா இல்லாத வீட்டில் அக்காவின் புருஷனும் தம்பியும்.

அப்புறம் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கைரேகை எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. வயதும் ஏறிக்கொண்டே போனது. கடைசியாகத்தான் இந்தக் குளிர் நாட்டு வேலை அமைந்தது. இதுவும் போனால் இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அரக்கோணத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாஷா பாயிடம் நாம் போனோமே, நினைவிருக்கிறதா? “மறைக்காதீங்க தணிகாசலம். முன்னாடி திருப்பி அனுப்பிகிறாங்களான்னு கேட்டா ஆமான்னு எழுதுங்க. ஏன்னு ஒரு பக்கம் எழுதிச் சேருங்க. பொய்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் கதவைச் சாத்திடுவாங்க” என்றார் அவர். பிறகு, “திரும்பி வருவீங்கன்னு அவங்க நம்பணும். பொண்டாட்டி, புள்ளன்னு ஊர்ல யாராச்சும் உண்டா?” என்று கேட்டார்.

எனக்கு முன்னால் நீ பதில் சொன்னாய். “நான் கீறேனே பாய். சுகரு, தனிக்கட்டை. இவன் வரலன்னா எனக்கு யாரு ஊசி போடுறது?”

நாம் மூன்று பேரும் சிரித்தோம். பாஷா பாய் சிரித்துக்கொண்டே அதைத் தட்டச்சு செய்துவிட்டார். என்னை நம்பி ஊரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று எழுத்தில் ஏறியது. போட்டோ எடுத்தபோது மட்டும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். “சென்னைல கைரேகை குடுக்கிற வரைக்கும் இந்த மூஞ்சி இப்படியே இருக்கணும். ஏற்கெனவே உங்க பேர்ல ஒரு கரும்புள்ளி கீது. மீசைய எடுத்துட்டேன், தாடி வெச்சுட்டேன்னு இன்னொரு சந்தேகத்துக்கு எடம் குடுக்காதீங்க.”

கைரேகைக்குத் தேதி வந்தது. அது நெருங்கும்போது நீ ஸ்டாண்டிலேயே ஆட்டோவுக்குள் சாய்ந்துவிட்டாய். பயணி ஒருவர் “மலைக்குப் போகுமா?” என்று கேட்டுப் பதில் வராமல்தான் தெரிந்ததாம்.

கொள்ளி வைக்க ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் அண்ணன் மகன் வருவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முறைப்படி பங்காளிதானே? அவன் போனில் அழுதான். “சித்தப்பாவ நான்தான் தூக்கணும். ஆனா எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாச்சு மாமா. சாவு வீட்டுக்கு வரக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்க. இன்னா பண்றதுன்னே தெரியல.” அவன் சொன்னதில் பொய் இல்லை. வழக்கம் அப்படி. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பாஷா பாய் விஷயம் தெரிந்து போன் செய்தார். உனக்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். கடைசியில் மெதுவாக, “முடிய மட்டும் எடுத்துடாதீங்க. கொஞ்ச நாள்தானே” என்றார். சுடுகாட்டில் நாவிதரும் அதையே சொன்னார். “வெளிநாடு போறவங்களுக்கு முன்னாடி ஒரு கொத்து முடி மட்டும் எடுத்துட்டு உட்டுடுவோம்ணா. சாமி ஒத்துக்கும்.”

சாமி ஒத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவை ஒரு போன் திரைக்குள் பார்த்து அனுப்பினேன். உன்னையும் ஒரு கொத்து முடியோடு அனுப்பவா? “மொத்தமா எடுங்க, மீசையும் சேத்து” என்று சொல்லிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். கத்தி ஓடும்போது விசா நினைவே வரவில்லை. நீ இல்லாமல் வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாவா, துக்கத்துக்கு மொட்டை அடித்தவனுக்கு இந்த ஊரைப் போல் மோசமான ஊர் கிடையாது. வேறு எந்த ஊராக இருந்தாலும் என் தலையைப் பார்த்ததும் யாராவது, “ஐயோ, என்ன ஆச்சு?” என்று கேட்டிருப்பார்கள். இங்கே தெருவில் நாலு தலையில் ஒன்று மொட்டை. பஸ்ஸில் மொட்டை, டீக்கடையில் மொட்டை, கைக்குழந்தைக்கும் மொட்டை. என்னையும் வேண்டுதல் கணக்கில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்து போனார்கள். நம் தெருக்காரர்களைத் தவிர ஒருவருக்கும் நீ செத்தது தெரியவில்லை. அந்த நாட்களில் நான் பட்ட தனிமையை எப்படிச் சொல்வது?

கைரேகை நாளன்று சென்னை ரயில் ஏறினேன். எதிரே மலைக்கு வந்து திரும்புகிற ஒரு தெலுங்குக் குடும்பம். எல்லார் தலையிலும் சந்தனம் மஞ்சளாக அப்பியிருந்தது. அந்த அம்மா என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, “கந்தம் பெட்டுகோலேதா பாபு? எண்டகி மண்டுதுந்தி” என்றாள். சந்தனம் பூசவில்லையா, வெயிலில் எரியுமே என்று கேட்கிறாள்.

இது துக்க மொட்டை, சந்தனம் பூசக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பாட்டுக்கு ஒரு கிண்ணத்தை எடுத்து, தன் பிள்ளைக்குப் பூசுவது போல என் தலையில் வழித்துப் பூசிவிட்டாள். நீ போன பிறகு என்மேல் பரிவாகப் பட்ட முதல் கை அது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சாமிக்காக அழுகிறான் என்று நினைத்திருப்பாள், கும்பிட்டாள்.

விசா மையத்தில் வரிசையில் நின்றவர்களும் அப்படியே. “திருத்தணியா? முருகனுக்கே முடி குடுத்துட்டு வந்துகிறீங்க, கண்டிப்பா கெடைக்கும்” என்று ஒருவர் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

கவுண்டரில் இருந்த பெண் திரையில் இருந்த படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அடர்ந்த முடி, பெரிய மீசை, பக்கத்தில் நீ ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்த மிச்சம் வாயோரத்தில். “சார், இது நீங்கதானா?”

“நான்தாம்மா. எங்க பாவா செத்துட்டாரு, அதனால எடுத்தேன்.”

இத்தனை நாளில் வேண்டுதல் என்று தானாக முடிவு கட்டாத முதல் ஆள் அவள்தான், அதனால்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் திரையை விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “சாரி சார். அந்தச் சந்தனத்தை மட்டும் தொடச்சிக்குங்க, இங்கயே புதுசா படம் எடுக்கணும்” என்று ஒரு டிஷ்யூ தாளைக் கொடுத்தாள். கைரேகையும் எடுத்தாள். அவ்வளவுதான். பாஷா பாய் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் பாய்க்கு இன்னொரு பயம் இருந்தது. “அவரைக் காட்டித்தான திரும்பி வருவீங்கன்னு எழுதிகிறோம்? விசா ஆபீஸ் மேலிடத்துலேருந்து போன் வரும். அப்ப அவரு போனத நீங்களா சொல்லாதீங்க. யாரு வந்து பாக்கப் போறா?” உண்மையை எழுதச் சொன்ன அதே மனுஷன்தான். எனக்காகத்தான் சொன்னார், அவரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

போன் வந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் கேட்க, ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். “முன்னாடி ஒரு தடவை விசா முடிஞ்சும் நீங்க அங்கேயே தங்கியிருக்கீங்க. இந்தத் தடவை திரும்புவீங்கன்னு எப்படி நம்புறது? உங்களை நம்பி ஒரு சொந்தக்காரர் இருக்கார்னு எழுதியிருக்கீங்க. அவர் இப்பவும் உங்ககூடத்தான் இருக்காரா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உன்னை உயிரோடு இருப்பதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான், பாவா, விசாவுக்காக மட்டும் இல்லை.

“இல்லீங்க. செத்துட்டாரு.”

“அப்போ திரும்பி வர்றதுக்கு ஊர்ல உங்களுக்கு யாரு இருக்காங்க?”

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இது வேறு கேள்வி இல்லை, நான் தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். “யாரும் இல்லீங்க” என்றேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்துவிட்ட பிறகு பயமும் போய்விட்டது. “ஆனா வருஷ திவசம் கீதுங்க. எங்க வழக்கத்துல கொள்ளி வெச்சவன்தான் அத செய்யணும். நான்தான் வெச்சேன். அவருக்குப் புள்ள இல்ல. நான் வரலன்னா அவருக்குச் சோறு கெடையாதுங்க. அதுக்கு நான் வந்தே ஆவணும்.”

அந்தத் தமிழ்க்காரர் உடனே மொழிபெயர்க்கவில்லை. “தெரியும் சார். எங்க அப்பாவுக்கு நான்தான்” என்று தன் குரலில் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் சொன்னதைவிட ரொம்ப நேரம் பேசினார். அந்த அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் நேற்று வந்தது. விசா ஒட்டியிருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். யாரிடம் காட்டுவது? பாஷா பாயிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். அப்புறம் போனை வைத்துவிட்டு, போகாதே என்று தடுக்கக்கூட ஆளில்லாத வீட்டிலிருந்து கிளம்புவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அந்தச் சுலபம்தான் தாங்க முடியவில்லை.

போகிறேன், பாவா. வருஷத்துக்கு ஒரு லீவு என்று வேலை கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த அம்மாளிடம் சொன்னது விசாவுக்காகச் சொன்னதில்லை. போன முறை என்னை அனுப்பி வைத்தார்கள். இந்த முறை நானாக வருவேன். சாப்பிட்டாயா என்று கேட்க வெளியே யாரும் நிற்க மாட்டார்கள். பரவாயில்லை. நேராக வீட்டுக்கு வந்து, உனக்கு இலை போட்டுவிட்டு, நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குக் கொள்ளி வைத்த மச்சான்,
தணிகாசலம்