வேங்கையில் பொறித்த திருப்பெயர்

மழை தவறாது பெய்க. மன்னர் சினம் விரைந்து தணிக.

கார்வரை நாடுடையவரும், எல்லைப் பாசறையில் எழுந்தருளி, எதிரி வராமையால் நாள்தோறும் வென்றுகொண்டிருப்பவருமான கோமான் மாவிளங்கோ அவர்களின் திருமுன்பு, தலைநகரில் முத்திரை காக்கும் அமைச்சன் அந்துவன் கீரந்தை வணங்கி விடுக்கும் ஓலை.

தங்கள் ஆணை கிடைத்தது. சிறு இளவரசராய் இருந்தபோது, அரண்மனைத் தோட்டத்து இளவேங்கையில் தங்கள் நெற்றி உயரத்தில் திருப்பெயரைத் தாங்களே பொறித்தீர்கள். மரம் வளர வளரப் பெயரும் விண்ணேறும் என்பது திருவுள்ளம். இன்று மரம் மாடத்தைத் தாண்டிவிட்டது. பெயரோ தங்கள் இடுப்பளவில் நிற்கிறது. தோட்டக்காரன் பூதன் மரத்தை மண்ணுக்குள் அமிழ்த்திவிட்டான் என்று ஐயுற்று, பெயரை அத்தாழ்விடத்தில் நிறுத்தியவன் எவனோ அவன் தலையைக் கொய்க என்று பணித்திருக்கிறீர்கள்.

பூதனை விசாரித்தேன். தண்ணீர் அதிகம் ஊற்றியதால் மரம் இறங்கியிருக்கலாம் என்று நடுக்கத்தில் அவனும் ஒப்புக்கொண்டான். அவன் மனைவி சிறைவாயிலிலேயே அமர்ந்திருக்கிறாள். அவளைக் கடந்து செல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அரண்மனை மருத்துவரும் நானும் அவரைக்கொடி நாற்றுகளின் தண்டிலும் வேரிலும் சம இடைவெளியில் மைப்புள்ளி இட்டுப் பார்த்தோம். நுனியருகே இருந்த புள்ளிகள் விலகிப்போயின. மற்றவை இட்ட இடத்திலேயே இருந்தன. பளிங்கு வில்லை வழியே நோக்க, காரணம் விளங்கியது. நுனியில் உள்ள நுண்ணறைகள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. அடுத்துள்ளவை நீருண்டு நீண்டு நுனியை மேலே தள்ளுகின்றன. நீண்டு முடிந்த பகுதி மேலேறுவதில்லை. மரமானால், பதவியில் அமர்ந்த எம்போன்றோரைப் போல, இருந்த இடத்திலேயே பருக்கிறது. வேரும் அவ்வாறே தன் நுனியைத்தான் மண்ணுள் செலுத்துகிறது. மரத்தைக் கீழே இழுப்பதில்லை.

எனவே திருப்பெயர் இறங்கவில்லை. எழுத்துகள் அகன்றிருக்கின்றன, அதைப் புகழ் பரவியதாகக் கொள்ளலாம். உயர்ந்தது தாங்கள்தாம். இவ்வளவு பெரிய செய்தியை அவைப்புலவர்கள் பாடாமல் விட்டது வியப்பே.

தாங்கள் என்னிடம் விட்டுச்சென்ற முத்திரையைப் பதித்து இன்று இட்ட கட்டளையாவது: பூதன் விடுவிக்கப்பட்டான், மனைவியோடு வீடு சேர்ந்தான். பெயரை அவ்வுயரத்தில் நிறுத்தியவரின் தலையைக் கொய்யும் ஆணையோ அரச ஆணை. அதை நீக்க எனக்கு உரிமையில்லை. உரியவர் பாசறையிலிருந்து திரும்பும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.