புள்ளி வச்சா நிக்கணும்

நவம்பர் 12, புதன்

ஒன்றாம் வகுப்பில் பதினான்கு பேர். பத்துப் பேர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். மூன்று பேர் தை பிறப்பதற்குள் வந்துவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினோரு வருஷமாக இதே வேலை. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் முட்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

மிச்சம் மாரிக்கனி. இவள்தான் எனக்குப் பிடிபடவில்லை. எழுத்து அத்தனையும் தெரியும். பலகையில் எதைத் தொட்டாலும் பட்டென்று சொல்கிறாள். ஆனால் 'பட்டம்' என்று எழுதி வாசிக்கச் சொன்னால், "ப, இட், ட, இம்" என்கிறாள். சேர்த்துச் சொல்லுடி என்றால், "பஇட்டஇம்". பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

சாயங்காலம் அவளாகவே சிலேட்டில் ஒன்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். 'அஇம்மா'.

நவம்பர் 21, வெள்ளி

பெற்றோர் கூட்டம். மாரிக்கனியின் அம்மா ஈஸ்வரி, பருத்தியில் களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கூட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். எட்டிப் பார்த்தேன். 'ஈஇஸ்வரி'.

அட, விஷயம் இதுதானா! புள்ளி வைத்த எழுத்தை நாம் இக், இங், இச் என்று சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லும் வசதிக்காக முன்னால் போட்ட அந்த 'இ'யை, அம்மாவும் மகளும் எழுத்தோடு சேர்த்தே எழுதுகிறார்கள். அம்மாதான் வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

நோய் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "ஈஸ்வரி, இனிமே நீங்க வீட்டுல சொல்லிக் குடுக்காதீங்க. பிள்ளை குழம்பிப் போகுது. அரையாண்டுக்குள்ள நான் வாசிக்க வச்சுக் காட்டுறேன்."

அவள் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

நவம்பர் 25, செவ்வாய்

மாரிக்கனி வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

இன்றும் இல்லை. மணலில் எழுத வைத்தேன், புளியங்கொட்டையை அடுக்க வைத்தேன், எழுத்து அட்டையை ஒளித்து வைத்துத் தேடச் சொன்னேன். எல்லாம் செய்கிறாள். வாசி என்றால் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். 'பஇட்டஇம்' என்றாவது சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

இதில் ஈஸ்வரி வேறு, வருகிற வருஷம் மகளை டவுன் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடப் போகிறாளாம். தலைமையாசிரியர் பொன்ராஜ் சார் சொன்னார். போனால் போகட்டும் என்று விட முடியுமா? வாசிக்கத் தெரியாமல் என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை போனதில்லை.

டிசம்பர் 3, புதன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் வந்து நின்றாள். காதோடு கேட்டாள்: "எங்கம்மா சொன்னது தப்பா டீச்சர்?"

என்ன சொல்வது — தப்பு என்பதா, இல்லை என்பதா? வாசித்தால் அம்மா தோற்றுப் போவாள் என்று ஆறு வயசுப் பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டு திரிகிறது. பூட்டினது யாரு? நான்தானே. பெரிய கெட்டிக்காரி மாதிரி ஊர் முன்னாடி வச்சுப் பேசுனேனே. அறிவு வேண்டாமா எனக்கு?

டிசம்பர் 4, வியாழன்

பள்ளி விட்டதும் ஈஸ்வரி வேலை செய்யும் பருத்திக் காட்டுக்கே போனேன். கரிசல் மண் செருப்பை விடவில்லை. கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். மற்றப் பெண்கள் பார்க்கத்தான் பேசினேன். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தானே திருப்பி எடுக்க வேண்டும்? "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது ஈஸ்வரி. வகுப்புல ஒரு எழுத்துகூட விடாம அத்தனையும் தெரிஞ்ச பிள்ளை உங்க பிள்ளைதான். அது நீங்க சொல்லிக் குடுத்தது."

களைக்கொத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "மூணாப்புல நானும் இதே மாதிரிதான் டீச்சர். எழுத்து தெரியும், வாசிக்க வரல. மக்குன்னு சொல்லி நிப்பாட்டிட்டாக. எனக்குத் தெரிஞ்சதே அம்புட்டுத்தான். அதையும் தப்புன்னுட்டீக."

மக்கு இல்லை. புள்ளியில் மாட்டிக்கொண்டவள். அன்றைக்கு அதைப் பார்க்க யாருமில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

இதை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

நாலரை மணி பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றேன். மாரிக்கனியும் கூட நின்றாள். காட்டுக்குள்ளிருந்து ஈஸ்வரி கூப்பிட்டாள்: "ஏ மாரிக்கனீஈஈ!" அந்த நீட்டலைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. கையை வாயில் குவித்துக் கத்தினேன்: "ஈஸ்வரி, ஒவ்வொரு எழுத்தா நீட்டிக் கூப்பிடுங்க!"

டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் கூப்பிட்டாள். "மாஆஆ!" வந்தது. "ரீஈஈ!" வந்தது. அடுத்தது, "க்..." அவ்வளவுதான். மறுபடியும் "க்..." இருமலே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்துக்கொண்டே கத்தினாள்: "இது வெளிய வரமாட்டேங்குது டீச்சர், தொண்டையிலயே நிக்கிது!"

மாரிக்கனி குதித்தாள். "அம்மா! புள்ளி வச்சா நிக்கணும்மா! அதைக் கூப்பிட முடியாது!" பிறகு மெதுவாக, தன் பெயரையே சொல்லிப் பார்த்தாள். "மா... ரிக்... கனி."

ரிக். 'இ' எங்கோ போய்விட்டது. பதினோரு வருஷத்தில் எனக்குத் தோன்றாத வார்த்தை, புள்ளி வச்சா நிக்கணும். நாலரை பஸ் போனதே தெரியவில்லை.

டிசம்பர் 10, புதன்

"பட். டம். பட்டம்!" — முதல் மணியிலேயே. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, பலகை இருந்தது திரும்பிக்கொள்ள.

டிசம்பர் 17, புதன்

மாரிக்கனி வீட்டில் அம்மாவுக்குப் பாடம் நடத்துகிறாளாம். தப்பாக எழுதினால் குட்டு வைக்கிறாளாம். குட்டக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

பெற்றோர் கூட்டம். பதினான்கு பேரும் வாசிக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

ஈஸ்வரி வந்ததும் வேன் பேச்சைக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம்னுட்டேன் டீச்சர்" என்றாள். பதிவேட்டை இழுத்து, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஈ. ஸ. நிறுத்தினாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈஸ்வரி அழுத்திப் புள்ளி வைத்தாள். அப்புறம் வ, ரி.

கூட்டம் முடிந்ததும் பொன்ராஜ் சார் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தம்மா பேனாவால குத்தி ஓட்டை போட்டுருச்சே. வேற தாள்ல எழுதி ஒட்டிருவோமா?"

"வேண்டாம் சார், அது இருக்கட்டும்" என்றேன்.