யாழினிக்குச் சத்தம் ஆகாது, அர்ஷத்துக்குச் சத்தம்தான் பாடம்

என் வாயாடி ஷமீமுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. வழக்கம்போல வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "என்னக்கா, மூஞ்சி உர்ருனு இருக்கு?" என்று நீ கேட்டதுமே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்து வரவே இல்லை. எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியராக வந்துகொண்டிருந்த நீ போய்விட்டாய், நீ பார்த்துக்கொண்ட பிள்ளைகள் மட்டும் என் நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்?

முதலில் யாழினியைத்தான் கேட்பாய். நன்றாக இருக்கிறாள். ஆட்டிசம் என்ற சொல்லை அவள் அம்மாவுக்குப் பயமில்லாமல் புரியவைத்தவள் நீ. அந்த அம்மா இன்னும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் டீக்கடைதான் வைத்திருக்கிறார். பௌர்ணமிக் கூட்டம் வந்தால் யாழினி இப்போதும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம்.

அவளுக்குச் சத்தம் ஆகாது என்று நீ சொன்னதால்தானே, வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பதை நான் நிறுத்தினேன்? எனக்கு அது லேசாக வரவில்லை. நான் படித்ததும் அப்படித்தான், இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். பக்கத்து வகுப்பு டீச்சர், பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ போன பிறகு அர்ஷத் வந்து சேர்ந்தான். உனக்குத் தெரியாதவன். பார்வை ரொம்பக் கம்மி, போர்டு தெரியாது. பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாலும் மூக்கு தாளில் இடிக்கத்தான் படிப்பான். ஆனால் காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொள்வான். வந்த கொஞ்ச நாளிலேயே என்னிடம் கேட்டான்.

"பழைய ஸ்கூல்ல எல்லாரும் சேந்து சொல்லுவோம் டீச்சர். அப்ப எனக்கும் எல்லாம் தெரிஞ்சிது. இங்க ஏன் யாரும் சொல்ல மாட்றாங்க?"

நான் என்ன சொல்ல? உனக்கு வேண்டியது அவளுக்கு ஆகாது என்றா? பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளையும் அரவணைக்க வேண்டும் என்றார்கள். அரவணைக்க எனக்கும் ஆசைதான். இந்தக் கையால் அவனை இழுத்தால் அந்தப் பக்கம் அவள் நழுவுகிறாள்.

அர்ஷத் பக்கத்தில் ஒருவனை உட்காரவைத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். அந்தப் பையன் பாடத்தை விட்டுவிட்டு டிவியில் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாய்ப்பாட்டை மறுபடி சேர்ந்து ஒப்பிக்கவைத்து, அந்த நேரத்தில் யாழினியைப் புத்தக அறைக்கு அனுப்பிப் பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆனால் நாள் போகப்போக மற்ற நேரத்திலும் அங்கிருந்து வர மறுத்தாள். பிள்ளைகளும் அவளை ரூம் பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். ஒப்பிப்பதை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணைச் சாப்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அவளுக்கும் நல்லது என்றார். அவள் அம்மாவை வரச்சொல்லி, தயங்கித் தயங்கி நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அரை நாள் போதும்னு நீங்க சொன்னா அழைச்சிட்டுப் போறேன் டீச்சர். ஆனா அப்புறம் எங்க போனாலும் அவ அரை நாள்தான்."

வேறு வழி தெரியாமல் யாழினியிடமே கேட்டேன். ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று நீ திட்டுவாய், திட்டிக்கொள். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நான் கை தூக்கினப்புறம் கத்தணும்" என்றாள்.

அப்படியே செய்தோம். அவள் முன்னால் நின்று கை தூக்குவாள், வகுப்பு தொடங்கும். கையை இறக்கினால் கப்சிப். சத்தம் எப்போது வரும் என்று தெரியாததுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது போல. இது உனக்கு முன்பே தெரியுமா? அன்றைக்கு அர்ஷத் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியச் சொன்னான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு ஜம்பமாக எழுதியிருப்பேன். இன்றைக்கு அவள் முன்னால் வந்து நின்றாள், கையைத் தூக்கவே இல்லை. எல்லாரும் காத்திருந்தோம். அர்ஷத்துக்கு அவள் கை தெரியாது இல்லையா, பக்கத்துப் பையனிடம், "தூக்கிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "இன்னும் இல்லடா" என்றே பதில் வந்தது. மணி அடித்துவிட்டது.

வகுப்பை நடத்துவது நீங்களா அவளா என்று ஹெச்.எம். கேட்டார். எனக்கே தெரியவில்லை ஷமீம். அவளை அவசரப்படுத்தியிருந்தால் அவளை இழந்திருப்பேன். காத்திருந்ததில் அவன் பாடத்தை இழந்தான். நல்ல டீச்சர் இந்த இடத்தில் என்ன செய்வாள்? போகிற அவசரத்தில் இதைச் சொல்லாமல் போய்விட்டாயே.

நாளைக்கும் கை எழவில்லை என்றால், அர்ஷத் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதோரம் நானே சொல்லப்போகிறேன். அதுவரை மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று இன்னும் யோசிக்கவில்லை. அதுவும் தப்பாகப் போகலாம். ஆனால் உனக்கு ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். நான் இந்த வகுப்பில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் அரை நாள் பிள்ளை ஆகாது.

இரண்டே வயது மூத்தவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாயே,
அந்த உன் விஜயா அக்கா