வேறொருவருடைய பிள்ளை

அன்புள்ள மகள் தக்ஷிகாவுக்கு,

வாய் திறக்காமல் இருந்தது போதும். ஒன்றரை வருடம் என்பது எனக்கே அதிகமாகத் தெரிகிறது. இங்கே லண்டனில் அம்மாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம், உன்னுடைய சுகத்தை நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டு அறிந்துகொள்கிறேன். சனிக்கிழமைகளில் நீ அங்கிருந்து கோல் எடுக்கும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கைக்கு வேலை இருப்பதுபோல வெங்காயம் உரிக்கத் தொடங்குவாள். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் நிற்பது அவளுக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. எஸ்தோனியாவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது, கூடாரத்துக்குள் தண்ணீர்ப் போத்தல் உறைந்துபோகிறது, சோறு என்று தருவது கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் ஏதோ ஒன்று, எல்லாம் கேட்டேன். நீ சிரித்ததையும் கேட்டேன். போன சனிக்கிழமை, அடுத்த கிழமை உங்களை எல்லைப் பக்கம் இன்னும் கிட்டக் கொண்டுபோகிறார்கள், அங்கே போன் பாவிக்க ஏலாது என்று சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பா இன்னும் கதைக்க மாட்டாராமோ?” என்று கேட்டாய். அம்மா போனை மாடிப்படிப் பக்கம் தூக்கிப் பிடித்து, “இந்தா, தூண் மாதிரி நிக்கிறார், நீயே கேளன்” என்றாள். நான் மேலே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். போன் போகாத இடத்துக்கும் இராணுவத் தபால் போகும் என்று பிறகு அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் என்றால் ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். இது என்றால் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பாய், அவ்வளவு நேரமாவது என்னோடு இருப்பாய்.

அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஊசி போட்டும் குறையவில்லை. என் வேலையும் அதே பெற்றோல் ஸ்டேஷன்தான். பேராதனையில் பாதியில் விட்ட எஞ்சினியரிங் இங்கே பம்ப் இலக்கம் சொல்வதில் முடிந்தது என்று நான் புலம்புவது உனக்கு மனப்பாடம். கோயில் பக்கம் போவதைக் குறைத்துவிட்டேன். போன மாதம் ஞானேஸ்வரன் அண்ணை செருப்புக் கழற்றுகிற இடத்தில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “என்ன, உம்மட மகள் வெள்ளைக்காரனுக்குச் சண்டை பிடிக்கப் போயிட்டாளாம்?” என்றார். இவர் எங்கள் ஊரில் மேடை மேடையாக ஏறி, இது தர்ம யுத்தம், வீட்டுக்கு ஒரு பிள்ளை தாருங்கள் என்று பேசியவர். தன்னுடைய பிள்ளைகள் மூன்று பேரையும் அந்த வருடமே லண்டனுக்கு ஏற்றிவிட்டார், மூவரும் இப்போது கணக்காளர்கள். நான் சொன்னேன், “அவள் ஆருக்காகவோ போனாள் அண்ணை, உங்கட பிள்ளையள் ஒருத்தருக்காகவும் போகேல்லையே.” அவர் முகம் கறுத்துப்போனது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. உன்னோடு கதைக்க மறுக்கிற மனிதன் உனக்காகக் கோயில் வாசலில் சண்டை பிடிக்கிறான்.

நிர்மலன் சித்தப்பாவை நீ படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அந்த மேடைப் பேச்சைக் கேட்டுத்தான் என் தம்பி இயக்கத்துக்குப் போனான். நான் அப்போது கொழும்பில் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தேன். நீ பிறந்த வருடம் ஆனையிறவுச் சண்டையில் முடிந்துபோனான். இந்த நாட்டில் நவம்பர் வந்தால் நினைவுநாள் இரண்டு வருகிறது, இவர்களுடைய படையில் செத்தவர்களுக்குப் பொப்பிப் பூ, எங்கள் இயக்கத்தில் செத்தவர்களுக்குக் கார்த்திகைப் பூ. இரண்டையும் நான் சட்டையில் குத்துவதில்லை. இரண்டிலும் போனவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் போகாதவர்கள். நானும் போகாதவன்தான், அதனால் வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

நீ இந்த நாட்டு இராணுவத்தில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்ற அன்று நான் இதைத்தான் கத்தினேன். நியாயமான போர் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் செத்த பிள்ளைகளும் அவர்களை வைத்துப் பேசுகிறவர்களும்தான் என்று. நீ கத்தவில்லை. ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டாய், அப்படியென்றால் 2009 ஏப்ரலில் என்னை ஏன் பாராளுமன்றச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள், யாராவது வாருங்கள், எங்கள் சனத்தைக் காப்பாற்றுங்கள் என்று கத்தினீர்களே, அந்த யாராவதுதான் நான், அப்பா என்றாய். அதற்குப் பிறகுதான் நான் உன்னோடு கதைப்பதை நிறுத்தினேன். கோபம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதில் இல்லாததால்தான் நிறுத்தினேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது, தோளில் தூக்குகிற வயதில்லை, ஆனாலும் தூக்கினேன். கூட்டத்தோடு சேர்ந்து கத்தித் தொண்டை அடைத்து இரண்டு நாள் நீ பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் வாயில் இருந்தது போரை நிறுத்துங்கள் என்ற சொல். என் மனதுக்குள் இருந்தது அதுவல்ல. ஊரில் எங்கள் சனம் கிடக்கிற ஆஸ்பத்திரி மேல் ஷெல் அடிக்கிற இராணுவப் பீரங்கிகளை யாராவது வந்து குண்டு போட்டுத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் சனத்தை மீட்க வெளிநாட்டுப் போர்க்கப்பல் வருகிறதாம் என்று யாரோ சொல்ல, சதுக்கம் முழுவதும் கைதட்டியது, நானும் தட்டினேன். அந்தக் கப்பலில் வரப்போவது யாருடைய பிள்ளை என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவனையும் ஒரு தாய் பெற்றிருப்பாள் என்று நினைக்கவில்லை. வேறொருவருடைய பிள்ளை வந்து வேறொருவருடைய பிள்ளையைக் கொன்று எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும், அவ்வளவுதான். அன்று அவர்கள் வந்திருந்தால் அதை நியாயமான போர் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆகவே உன் கேள்விக்குப் பதில், ஓம். நான் கேட்டேன்.

அதற்காக நீ போனது சரி என்று நான் சொல்லவில்லை. நீ போட்டிருக்கிற சீருடை எந்தெந்த நாட்டில் என்னென்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஏப்ரலில் எங்களை ஜன்னலால் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்த நாடுதான் இது, அதை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஏதோ ஒரு வீட்டில், அந்தப் பக்கத்துப் படை வந்துவிடுமோ என்று பயந்து, ஒரு தகப்பன் யாராவது வந்து நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பான், அவனுக்கு நீதான் அந்த வேறொருவருடைய பிள்ளை. அவன் கேட்பது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைத் தருவதற்கும் மனம் வரவில்லை. மழை பெய்தால் இன்னும், முன்பு நீ வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேன் ரயில் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்விடுகிறேன். ஆட்கள் இறங்கி வருவார்கள், குடை விரிப்பார்கள். கடைசி ஆளும் போனபிறகு திரும்பி வருவேன். அம்மா எங்கே போனீர்கள் என்று கேட்பதில்லை.

ஈரக் காலுறையோடு படுக்காதே. அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் தனியாக அனுப்புகிறாள், வடையை மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு. முன்னுக்கு நின்று பேர் எடுக்க வேண்டாம். யாரைச் சுட வேண்டி வந்தாலும் அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது என்பதை மறக்காதே, ஆனால் அதை நினைத்துக்கொண்டு தாமதிக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒருவர் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. நீ நீண்ட ஆயுளோடும் முழு உடம்போடும் இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும்.

கீழே அப்பா என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் பேனையை வைத்தேன், எடுத்துவிட்டேன். வைத்தால் நீ போனதற்கு நான் சம்மதம் தந்ததாகிவிடும். வைக்க மனம் வரும்வரை காத்திருந்தால் இந்தக் கடிதம் ஒருநாளும் போகாது, நீ எல்லைக்குப் போய்விடுவாய். கையெழுத்து இல்லாமலே இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். அது வேண்டுமென்றால் நீ வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.