அத்தான் இறக்கச் சொன்ன விளக்கு

அன்பு குறையாத அத்தானுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். கெட்டதைக் கேட்க உங்களுக்கு என்றைக்குமே பொறுமை கிடையாது. நம் கம்பெனி வளர்ந்துவிட்டது. தச்சநல்லூர் தாண்டி நமக்கென்று ஒரு யார்டு, சகதியை உறிஞ்சி எடுக்கும் டேங்கர் லாரி, வாசலில் அக்கா பெயர் போட்ட பலகை எல்லாம் வந்தாயிற்று. கெமிக்கல் ஆலைகளில் தொட்டி கழுவ வேண்டும், விஷக் கழிவை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றால் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். வயல் வைத்திருந்த குடும்பம் சகதி அள்ளுகிறதே என்று சிரித்த சொந்தக்காரர்கள் இப்போது மகனுக்கு வேலை கேட்டு வருகிறார்கள்.

எப்படி வளர்ந்தது என்று கேட்பீர்கள். நீங்கள் செத்ததால் வளர்ந்தது. சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். அந்த விபத்துக்குப் பிறகு ஆலைக்காரர்கள் பயந்துபோனார்கள். சொந்த ஆட்களைத் தொட்டிப் பக்கம் அனுப்ப ஒருவரும் துணியவில்லை. இதற்கென்றே ஒரு கம்பெனி இருந்தால் நல்லது என்று தேடியபோது, இரண்டு பேரைப் பறிகொடுத்த நாம்தான் அவர்கள் கண்ணில் பட்டோம்.

ஆரம்பம் உங்களுக்கு நினைவிருக்கும். தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்த வருஷம், கிணறெல்லாம் வண்டல் மூடிக் கிடந்தது. நீங்கள் ஆள் சேர்த்துக்கொண்டு தூர் வாரக் கிளம்பினீர்கள். மச்சினனாயிற்றே என்று என்னையும் இழுத்துக்கொண்டீர்கள். பேச்சிமுத்து உங்கள் வலது கை. எந்தக் கிணறானாலும் முதலில் கயிற்றில் கட்டிய அரிக்கேன் விளக்குதான் இறங்கும். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, ஆள் இறங்கக் கூடாது. எரிந்துகொண்டே இருந்தால் இறங்கலாம். அந்த விளக்கு நம் ஆட்கள் பலரைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்கவில்லை.

கிணற்றிலிருந்து அரிசி ஆலைக் குழிகளுக்குப் போனோம். அங்கிருந்து சாயப்பட்டறைத் தொட்டிகளுக்கு. பிறகு கெமிக்கல் ஆலை. போகிற இடமெல்லாம் விளக்கும் கூடவே வந்தது. விளக்கு இல்லாமல் நம் ஆட்கள் ஒரு மூடியைக்கூடத் திறக்க மாட்டார்கள். அதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை!

அன்றைக்கு நாம் கழுவப் போனது பெயிண்டில் கலக்கிற தின்னர் போல ஒரு சாமானை வைத்திருந்த தொட்டி. குழாய் எடுத்துவர நான் லாரிக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல் கேட்டது. "பைய இறக்குலே, பேச்சி." அவ்வளவுதான் அத்தான். அதற்கப்புறம் உங்கள் குரலை நான் கேட்கவில்லை. காது அடைக்கிற மாதிரி ஒரு சத்தம், தீ, ஓட்டம். ஆஸ்பத்திரியில் உங்கள் இருவரையும் அடையாளம் பிரிக்கவே சிரமப்பட்டார்கள்.

பேச்சிமுத்து பீடி பற்றவைத்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். தீ அணைவதற்குள் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. போலீசுக்கும் ஆலைக்கும் வசதியான பேச்சு. நாங்களும் நம்பினோம். விளக்கு இறங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் காவல் காக்கிற நாயை யாராவது திருடன் என்று நினைப்பார்களா?

பேச்சிமுத்துவின் பெண்டாட்டி மாடத்தி மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "அவுக வெத்தலதான் போடுவாக அண்ணாச்சி, பீடி வாடையே ஆகாது" என்று என்னிடமும் சொன்னாள். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று இருந்துவிட்டோம். பேட்டையில் அவள் தெருவில் அவளுக்கு என்ன பெயர் தெரியுமா? முதலாளியையும் சேர்த்துக் கொன்றவன் பெண்டாட்டி. நம் அக்கா கோயிலில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த வருஷம் லைசென்சுக்காக எங்களை ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள். காற்றைச் சோதிக்கிற மீட்டரைக் கையில் கொடுத்தார்கள். வகுப்பு எடுத்தவர், தின்னர் ஆவி நிற்கிற தொட்டியின் வாயில் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும் என்றார். நெருப்பு அணைந்தால் ஆபத்து என்பது கிணற்றுக்குச் சரி, இங்கே நெருப்புதான் ஆபத்து என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உங்கள் குரல் கேட்டது. பைய இறக்குலே, பேச்சி. வகுப்பு முடியும்வரை இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். தோண்டி எடுத்து யாருக்கு என்ன லாபம்? சுடலைதான் என்னை இருக்க விடவில்லை. உங்களுக்குப் பிறகு ஆட்களை மேய்ப்பவன் அவன்தான். சென்ற மாதம் ஒரு ஆலையில், நான் மீட்டரை எடுக்கத் திரும்பிய நேரத்தில், விளக்கைக் கயிற்றில் கட்டிப் பற்றவைக்கப் போய்விட்டான். பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். அவனுக்குக் கோபம். "மிஷினு பொய் சொல்லும் அண்ணாச்சி, விளக்கு சொல்லாது. ஒங்க அத்தான் காட்டித் தந்ததுல்லா?" என்றான். சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதேதான் எழுதியிருந்தது. பீடிதான் கொன்றது என்று இருக்கும்வரை இவர்கள் விளக்கை விடமாட்டார்கள் என்று அப்போது புரிந்தது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். தொட்டியோரம் நசுங்கிக் கிடந்த உங்கள் அரிக்கேனை அவள் ஒடுக்கெடுத்துப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றுவாள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"செத்தவுக மேலயா பழி போடுத?"

"செத்தவன் ஒருத்தன் மேல ஏற்கெனவே போட்டாச்சு, அக்கா."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றவில்லை. காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பேட்டைக்குப் போணும், வண்டிய எடு" என்றாள்.

மாடத்தி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அக்கா வாசலில் நின்றபடியே, பேச்சிமுத்து பீடி பிடிக்கவில்லை, என் வீட்டுக்காரர் சொல்லித்தான் விளக்கை இறக்கினான், அதில்தான் வெடித்தது என்று சொன்னாள். உங்கள் பேரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சேர்க்கவில்லை அத்தான். மாடத்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்ன செய்ய, மதினி? ஊருக்குல்லா தெரியணும்" என்றாள்.

அக்கா நடந்துபோய், குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.  நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், தட்டிவிட்டாள். சொல்லி முடித்தபிறகும் மாடத்தி எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்?

ஊருக்குத் தெரிய வேண்டும் என்றாளே, அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் மடித்து வைக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீங்கள் கெட்டவர் இல்லை. தன் ஆள் சாகக் கூடாது என்றுதான் விளக்கை இறக்கச் சொன்னீர்கள். அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் பேச்சிமுத்துவைக் கொன்றது நீங்கள்தான் அத்தான். இதை எழுதும்போது உங்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது. கையில் விளக்கோடு நின்ற உங்களை நம்பி நானும் எத்தனை குழிகளில் இறங்கியிருக்கிறேன்?

நாளைக்கு உங்கள் நினைவு நாள். யார்டில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் பேச்சிமுத்துவின் படத்தையும் மாட்டியிருக்கிறேன். கீழே அக்கா கொடுத்தனுப்பிய அரிக்கேன் இருக்கிறது. எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. சூடம் ஏற்றாமல் எப்படிக் கும்பிடுவது என்று சுடலை கேட்டான். டேங்கர் நிற்கிற இடத்தில் நெருப்பே கூடாது, கையால் கும்பிடு என்றேன்.

விளக்கில்லாமல் ஒரு செத்தவரைக் கும்பிடுகிற குடும்பம் நம் பக்கத்தில் நாமாகத்தான் இருப்போம். நான் இருக்கிற வரைக்கும் அந்த யார்டில் உங்களுக்கு ஒரு திரி எரியாது. இது சத்தியம். நீங்கள் இருட்டிலேயே இருங்கள் அத்தான். சுடலை சாயங்காலம் உயிரோடு வீட்டுக்குப் போகட்டும்.

நீங்கள் கைப்பிடித்துத் தொழிலுக்குக் கூட்டிவந்த,
உங்கள் மச்சினன்