மரவீட்டுக் கணப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம். உங்கள் மூவரின் நலத்தையும் யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன். ஊர்வாய் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: மரவீட்டு நிலக்கரி அடுப்புக்குள் என் தலை மாட்டிக்கொண்டது. புகைக்குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க உள்ளே விட்டேன். போன தலை திரும்பி வரக் காதுகள் விடவில்லை. கடைசியில் தபால்காரர்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அதுவும் சும்மா இழுக்கவில்லை. "சார், அது தபால் பெட்டி இல்ல, அடுப்பு" என்று விளக்கிவிட்டு இழுத்தார். இந்நேரம் நாலு தெருவுக்குச் செய்தி பட்டுவாடா ஆகியிருக்கும்.

ஆமாம், அதே அடுப்புதான். உன் தாத்தாவுக்கும் மூத்த இரும்பு. அம்மா ஆறு குளிர்காலமாகச் சரிசெய்யச் சொன்னது. பெரிய வேலை, வெயில் வரட்டும் என்பேன். வெயில் வந்ததும், இப்போது எதற்கு அடுப்பு என்பேன். "உங்க வாய்தான் கணகணன்னு இருக்கு, அது பக்கத்துல உக்காந்து குளிர் காயட்டுமா?" என்பாள், இரண்டு ஸ்வெட்டருக்குள் இருந்துகொண்டு. அதை நல்ல நகைச்சுவை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வேலை விவரம் கேள். குழாயிலிருந்து ஒரு வாளி கரியும் காய்ந்த பறவைக்கூடு ஒன்றும் வந்தன. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டேன்; இன்றைக்கும் தும்மினால் கறுப்பாகத்தான் வருகிறது. புகை கசியாமல் அடுப்புக் கதவின் விளிம்பில் தீப்பிடிக்காத புதுக் கயிறு ஒட்டினேன். கரியைத் தாங்கும், துளை போட்ட இரும்புத் தட்டு விரிசல் விட்டிருந்தது. வெல்டரிடம் அடுப்பையே வந்து பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவான் சார் தட்டைத் தலைகீழா மாட்டினது? சாம்பல் கீழ விழ வழியே இல்ல. பாவம், மூச்சு முட்டிக் கெடந்திருக்கு!" என்றார்.

முன்னால் குடியிருந்தவராக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன், குடிவந்த வருடம் அதை மாட்டியது நான்தான்.

அம்மா போனது குளிரால் அல்ல, நுரையீரலில் முன்பே இருந்த கோளாறு என்றார் டாக்டர். நீ நம்பவில்லை. அன்றைக்குப் போனவள்தான் நீ, இந்தப் பக்கம் வரவில்லை. நானும் நம்பவில்லை, மகளே. டாக்டர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது நன்றாக எரிகிறது. விறகில் பற்றவைத்து, கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பொழுது முழுக்க நிற்கிறது. மூலை முடுக்கெல்லாம் சூடு. கட்டிலில் அவள் படுத்த பக்கம்கூடச் சூடாக இருக்கிறது. அந்தப் பக்கம் கை வைக்காமல் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையின் பள்ளி விடுமுறைக்கு வாருங்களேன். என்னோடு பேச வேண்டும் என்றில்லை. அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனால் போதும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ எங்கிருந்தாலும் குளிர் படாமல் நன்றாயிரு.

உன் அப்பா

பி.கு.: வெல்டர் எடுத்துக்கொண்ட ஒரு நாளையும் சேர்த்து, மொத்த வேலைக்கும் ஆனது இரண்டரை நாள்.